கறுப்பு என்றால் இல்லை

பாசலுக்கு வந்த ஜப்பான் நாடகக் குழுவில்
ஒருவருக்குக் காய்ச்சல்.
நடிகருக்கு வந்திருந்தால் காட்சியையே நிறுத்தியிருப்பார்கள்.
வந்தது ஒரு குரோகோவுக்கு.

"அவனும் உன் உயரம்தான்" என்றான் ரெட்டோ,
மேடைக் கயிறுகளுக்குப் பொறுப்பானவன்.
பதினாறு வருடமாக இங்கே பலகை சுமக்கிறேன்.
உயரத்துக்காக ஒரு வேலை கிடைத்தது
இதுதான் முதல் தடவை.

மினேகோ ஜெர்மனில் மெதுவாக விளக்கினாள்.
கறுப்பு உடுப்பு, கறுப்புக் கையுறை,
முகத்தின் மேல் கறுப்பு வலை.
நடிகரின் பின்னால் மண்டியிடு.
வாளை நீட்டு, முக்காலியைச் செருகு,
விழுந்த விசிறியைப் பொறுக்கு.
எங்கள் மேடையில் கறுப்பு என்றால் இல்லை.
நீ நிற்பாய், ஆனால் இல்லை.
பனி கொட்டும் காட்சிக்கு வெள்ளை உடுப்பு,
கடல் வந்தால் நீலம்.

சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டுவிட்டேன்.
ஒப்பனைக்காரர் ஓகிஷிமாவுக்கும் அவளுக்கும்
சண்டை தொடங்கிவிட்டது.
பழைய சொல்லில் இருப்பது தங்கத்தில் வரும் க,
பொருள் கறுப்பு உடை, என்றார் அவர்.
பிறகு வந்தவர்கள் பக்கத்தில் வரும் க போட்டு
கறுப்புப் பிள்ளை என்று எழுதிவிட்டார்களாம்.
நான் என் குறிப்புக் கொப்பியில் எழுதிப் பார்த்தேன்:
குரோகோ. குரோகோ.
தமிழில் சண்டைக்கே இடமில்லை.

அந்தப் பிள்ளை எழுத்துகளையே வேறுமாதிரி வாசித்தால்
ஹொகுரோ, என்றாள் மினேகோ,
தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி.
மச்சம்!

அதற்கு நாங்களும் சண்டை பிடிக்கலாம்.
வெள்ளிக்கிழமை வீட்டில் மச்சமில்லை என்றால்
மீன் இல்லை.
சென்னைக்காரன் உனக்கு மச்சமடா என்றால்
அதிர்ஷ்டம்.
என்னுடையது இடது புருவத்துக்கு மேலே.
அகதி விண்ணப்பத்தில் விசேட அடையாளம் என்ற கட்டத்துக்குள்
மொழிபெயர்ப்பாளர் அதைத்தான் எழுதினார்.
அன்று நான்தான் நான் என்பதற்கு
வேறு சாட்சி இருக்கவில்லை.

ஒத்திகை முடிந்து
பார்ஃப்யூசர்பிளாட்ஸில் ட்ராம் ஏறினேன்.
வெறுங்காலர் சதுக்கம்,
செருப்பில்லாத துறவிகள் வாழ்ந்த இடமாம்.
இந்த மொழியில் டிக்கெட் இல்லாமல் போவது
கறுப்பாய்ப் போவது.
கணக்கில் வராத வேலை கறுப்பு வேலை.
பெட்டி நிறைய ஆட்கள்.
பரிசோதகர் நேரே என்னிடம் வந்தார்.
மேடையின் விதியை
யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.
மாதச் சீட்டைக் காட்டினேன்.

மூன்றாம் இரவு.
தாளக்கட்டை இரண்டாம் தரம் தட்டும்போது
நடிகரின் தோளில் ஓடும் இழையை இழுக்க வேண்டும்.
வலைக்குள் என் மூச்சு எனக்கே சுட்டது.
இழுத்தேன்.
கருஞ்சிவப்பு அங்கி கழன்று விழ
உள்ளேயிருந்து கொக்கு வெள்ளை.
அரங்கு முழுவதும் ஒரே மூச்சாய் உள்ளிழுத்தது.
நான் அங்கியைச் சுருட்டிக்கொண்டு
குனிந்தபடி வெளியேறினேன்.

ஊழியருக்கான இலவசச் சீட்டில்
பதினேழாம் வரிசை ஓரத்தில் வதனி.
ஆஸ்பத்திரிக் குசினியிலிருந்து நேரே வந்தவள்,
சீருடையை மறைக்க மேலே கோட்.
வெளியே குளிரில்
எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"முக்காலி வைக்கேக்க இடது முழங்கால் நொந்தது, என்ன?"

முகம் மூடியிருந்ததே.

"நடை தெரியாதே எனக்கு?"

சரி, நாடகம்?

"நான் உங்களைத்தானே பாத்துக்கொண்டிருந்தன்.
கதை என்னவாம்?"

எனக்கும் தெரியாது.
எந்தத் தட்டுக்கு எந்த இழை என்று மட்டும்தான்
சொல்லித் தந்திருந்தார்கள்.

பதினோராம் இலக்க ட்ராம் வந்தது.
பக்கத்துப் பக்கத்தில் இடமும் கிடைத்தது.
என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த சிவப்பு நூலை
அவள் எடுத்தாள்,
எங்கே போடுவதென்று பார்த்தாள்,
பிறகு விரலில் சுற்றிக்கொண்டு
தூங்கிப்போனாள்.